பெயர் அழைக்கப்பட்டதும்

“வைகைமணி, திரையை விட்டு நகரக் கூடாது. ரெண்டாவது தடவையா சொல்றேன்” என்று ஞானசௌந்தரி சொன்னாள். சொன்ன தொனி கச்சிதமாக விழுந்ததில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட உண்டாயிற்று, அதட்டலும் இல்லை குழைவும் இல்லை, சிவில் கோர்ட்டில் முப்பது வருஷம் நின்று பழுத்த குரல் அது. திரையின் கீழ்வரிசையில் தபால்தலை அளவுப் பெட்டிக்குள் இருந்த அந்தப் பையன் சட்டென்று நிமிர்ந்து, “சாரி மேடம்” என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, அதற்கப்புறம் அசையவே இல்லை. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் பட்டியலுக்குத் திரும்பினாள். வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள வந்த நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், கறுப்புக் கவுனும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக அவரவர் வீட்டில் அவரவர் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மாதம். முதல் அலை ஓய்ந்த கையோடு இந்தப் பதிவு விழாவை மண்டபத்தில் வைத்ததில் அப்பனும் ஆத்தாளும் மாமனும் மச்சானுமாகக் கூட்டம் நெரிந்து, பேப்பரில் படம் வந்து மானம் போயிற்று. அதனால் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். அதிலே ஒரு புண்ணியவான், தம்பிக்குப் பதிலாக முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து தம்பியை வக்கீலாக்கிவிட்டான். பார் கவுன்சில் தலைவர் கோதண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், ஓட்டையில்லாம நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தாள். முகத்தை எதனாலும் மறைக்கக் கூடாது. தொடக்கம் முதல் தன் முறை முடியும்வரை திரையை விட்டு விலகக் கூடாது. பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மூன்றே விதி. டைப் அடித்த ஜூனியர் மரகதம் முதல் விதியின் வாலில் ‘உடல்நலம் குன்றியவர்கள் நீங்கலாக’ என்று தானாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். ஞானசௌந்தரி அதைச் சிவப்பு மையால் அடித்தாள். “ஒரு ஜன்னலைத் திறந்து வச்சா ஊரே அது வழியா உள்ள வரும், தெரியுமா” என்றாள். மரகதம் சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

“மீனலோசனி” என்று வாசித்தாள். ஒரு பெண் எழுந்து நின்றாள், பெயரைச் சொன்னாள், அட்டையைக் காட்டினாள். “உட்காருங்க.” “முபாரக் அலி.” எழுந்தான், சொன்னான், காட்டினான். “உட்காருங்க.” இந்த ‘உட்காருங்க’ அவள் எழுதியதில் இல்லை, வாய்ப் பழக்கத்தில் வருவது. உறுதிமொழியை ஆரம்பத்திலேயே எல்லாரும் சேர்ந்து எடுத்தாகிவிட்டது. இனி பெயர் கூப்பிட்டு ஆளைப் பார்த்தால் ஆயிற்று, பார்த்தவர் இணைப்பை விட்டு வெளியே போய்ப் பாயசம் சாப்பிடலாம். ஒரு பையனுக்குப் பின்னால் யாரோ கதவிடுக்கில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள், அம்மாவாக இருக்கும். ஒருத்தன் மேலே கவுனும் கீழே கைலியுமாக எழுந்து நின்றான், அதைப் பார்த்து இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நாகஜோதி. நவநீதன். பார்வை மறுபடியும் கீழ்வரிசைக்குப் போயிற்று, ஏன் போயிற்று என்று தெரியவில்லை. நகராதே என்று சொன்னதும் அப்படியே ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருக்கிறானே, நல்ல பையன்தான், ஆனால் பட்டை ஏன் இப்படிக் கோணலாகக் கிடக்கிறது, கவுனுக்குள்ளே சட்டைக் காலரே இல்லையே, பின்னால் என்ன அது பச்சைத் துணி, கல்யாண மண்டபத்தில் தடுப்புக்குக் கட்டுவது மாதிரி, இந்த ஊரடங்கில் எந்த மண்டபம். அவன் பெட்டியைப் பெரிதாக்கினாள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் ஓரத்திலிருந்து காதுவரை ஒரு கோடு ஓடியது. அழுக்கு என்று நினைத்தாள், வெளிச்சம் என்று நினைத்தாள். அது வார் அழுந்திய தடம். நாள்கணக்கில் இறுக்கிக் கட்டிய வார். அட்டையைத் தயாராகப் பிடித்திருந்த விரலில் துணிக்குப் போடும் கிளிப் மாதிரி ஒன்று சிவப்பாக மினுங்கியது. உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுகிற அந்தக் கிளிப் இப்போது தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவள் மேஜை இழுப்பறையிலேயே ஒன்று கிடக்கிறது. பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தை எதனாலும் மறைக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அவன் நகர்ந்தது. இரண்டு தடவை பக்கவாட்டில் குனிந்து குனிந்து நிமிர்ந்தானே, தண்ணீர் குடிக்கிறானோ போன் பார்க்கிறானோ என்று அவள் அதட்டினாளே, அவன் திரைக்கு வெளியே மூடியை எடுத்து நாலு மூச்சு இழுத்துவிட்டு வந்திருக்கிறான். திருடி மூச்சு விட்டிருக்கிறான். அதையும் அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

“ஓவியா” என்று வாய் தன்பாட்டுக்கு வாசித்தது. வாய்க்கு என்ன, முப்பது வருஷமாக உள்ளே வீடு பற்றி எரிந்தாலும் வெளியே ‘மதிப்பிற்குரிய நீதிமன்றம்’ என்று சொல்லிப் பழகிய வாய். இருக்காது. சும்மா தலையணை அழுந்திய தடமாக இருக்கும். காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தவனாக இருக்கும், கிளிப்பைச் சும்மா மாட்டியிருப்பான், இப்போதெல்லாம் பையன்கள் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். பச்சைத் துணி? பச்சைத் துணிக்கு என்ன பதில்? அவன் தோள் ஏறியது. இறங்கியது. ஏறும்போது கழுத்துக்குழி உள்ளே போயிற்று, வெள்ளைப் பட்டையும் கூடவே உள்ளே போய் வெளியே வந்தது. அவள் தானும் மூச்சை நிறுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். விட்டாள். அவனோடு சேர்ந்து இழுத்துப் பார்த்தாள், அவன் இழுக்கும் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை, தலை சுற்றியது. ஓவியா என்ற பெண் நின்றுகொண்டே இருந்தாள். “உட்காருங்க” என்றாள் அவசரமாக. சின்ன வயதில் ஊர் வேதக்கோயிலில், வயதான பாதிரி ஐயர் ஒருவர், சபையார் எழுந்திருங்கள் என்று சொன்னவர், உட்காருங்கள் என்று சொல்ல மறந்து பிரசங்கத்துக்குள் போய்விட்டார். அவ்வளவு பேரும் நின்றார்கள். அம்மாவுக்குக் காலில் நீர், வெள்ளைச் சேலைக்குக் கீழே பாதம் இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது, உட்காரும்மா என்று இவள் கையைப் பிடித்து இழுத்தாள், ஐயர் சொல்லலியேட்டி என்று அம்மா கிசுகிசுத்தாள். வீட்டுக்கு வந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எதற்கு இப்போது. எதையாவது நினைத்து இதிலிருந்து நழுவப் பார்க்கிறது புத்தி. பெயர் V-யில் ஆரம்பிக்கிறது. பட்டியல் ஆங்கில வரிசை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், திருப்பிய சத்தம் மைக்கில் சரசரவென்று கேட்டது. இப்போதுதான் P. S என்று ஒன்று இருக்கிறதே, தமிழ்நாட்டில் பாதிப் பேர் S-தான், சரவணன்களும் செந்தில்களும் சுப்பிரமணியன்களும் சுமதிகளும் ஒரு பக்கம் முழுக்க வழிகிறார்கள். அத்தனை பேரும் எழுந்து சொல்லிக் காட்டி உட்கார்ந்து முடிக்கும்வரை இவன்.

நிறுத்து. நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே. தம்பி, மூடியை மாட்டு என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்த மறுநிமிஷம் கோதண்டபாணி என்ன சொல்வார் என்பது அவளுக்கு மனப்பாடம். உதவாக்கரை மனுஷன் இல்லை அவர், நல்லவர்தான், போன மாதம் தம்பியை மயானத்தில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவர், ஆனால் விதி என்றால் விதி. விதிப்படி இவர் தகுதியில்லை, அடுத்த தடவை வரட்டும் என்பார். அடுத்த தடவை எப்போது என்று யாருக்குத் தெரியும். அடுத்த தடவை அவன் இருப்பானா என்று யாருக்குத் தெரியும், சே, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் இது அவனுக்கு எவ்வளவு வேண்டும். படுக்கையில் கவுனைக் கொண்டுவந்து கொடுத்தது யார். நர்ஸிடம் என்ன பொய் சொன்னான். அவளே ஒரு காலத்தில் காய்ச்சலோடு போய்ப் பதிவு செய்துகொண்டவள்தான், தொண்ணூறுகளின் காய்ச்சல், மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் போச்சு, பக்கத்தில் நின்றவனுக்கு ஒட்டினாலும் மூன்று நாள் மூக்கொழுகும், அவ்வளவுதான். சொன்னால் அவன் வக்கீல் ஆக முடியாது. சொல்லாவிட்டால் மூச்சு. சொன்னால், சொல்லாவிட்டால், சொன்னால். பாக்கியராஜ், உட்காருங்க. பரிமளம், உட்காருங்க. இப்படித்தான் கட்சிக்காரன் எதிரில் உட்கார்ந்து அழும்போது அவள் இரண்டு பக்கமும் யோசிப்பாள், அவன் அழுது முடிக்கட்டும் என்று. இவன் அழவில்லை. உதட்டில் நீலம் ஏறுகிறதா, இல்லை திரைதான் அப்படிக் காட்டுகிறதா. நாவற்பழம் தின்ற பிள்ளை மாதிரி இருந்தது. கிளிப் மினுங்கிய விரலை அவன் மெல்லத் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் கண்ணை மூடித் திறந்து, அந்த எண்ணைப் பார்க்காதது போல விரலை மடக்கிக்கொண்டான். எண் என்ன? என்ன காட்டியது? ஓட்டையில்லாத விதி எழுதினாயே மகராசி, ஒரு பிள்ளை மூச்சு விட ஊசி முனை அளவு ஓட்டை வைத்தாயா நீ.

அப்போதுதான் வழி தெரிந்தது. எத்தனையோ கேஸில் கடைசி நிமிஷத்தில் தெரிகிற மாதிரி, குறுக்கு வழி, சின்னது, யாரையும் கேட்க வேண்டாதது. வரிசையை மாற்று. வரிசைப்படி வாசிக்க வேண்டும் என்று அவள் எங்கேயும் எழுதவில்லையே. அவனை இப்போதே கூப்பிட்டால் இப்போதே முடிந்தது, அவன் வக்கீல், மூடியை மாட்டிக்கொண்டு படுக்கட்டும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு. “பொற்கொடி” என்று வாசித்திருந்தாள். அந்தப் பெண் எழுந்து நின்று வாயைத் திறப்பதற்குள், “ஒரு நிமிஷம்மா, அப்படியே இருங்க” என்றாள். “வைகைமணி!” தலைவர் கோதண்டபாணி சட்டப் புத்தக அலமாரிக்கு முன்னாலிருந்து நிமிர்ந்தார். “மேடம், நாம P-ல இருக்கோம்.” “தெரியும் சார். அவருக்கு லைன் சரியில்லை போலிருக்கு, முடிச்சு அனுப்பிடலாம்.” பொய் எவ்வளவு லேசாக வந்தது. கீழ்வரிசைப் பெட்டியில் அவன் தன் பெயரைக் கேட்டான். ஒரு கணம் நம்பவில்லை, பிறகு முகம் மலர்ந்தது, அப்படி ஒரு மலர்ச்சி, பரிசு வாங்கக் கூப்பிட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அவன் எழுந்தான். அட பாவி, எழுந்திருக்கிறானே. மூன்றாவது விதி. அவள் மறந்தேபோன மூன்றாவது விதி. பெயர் அழைக்கப்பட்டதும். அவன் கட்டிலோரத்தைப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸ் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கவுன் ஒரு தோளிலிருந்து நழுவ நழுவ எழுந்தான். முகம் திரையின் மேல்விளிம்புக்குப் போய், பாதி முகம் போய், கழுத்தும் கோணல் பட்டையும் நெஞ்சும் மட்டும் நின்றது. நெஞ்சு ஏறி இறங்கியது. பெயரைச் சொல்லக் காற்று போதவில்லை. மைக்கில் இரைப்பு மட்டும் வந்தது, இருந்த அத்தனை பேர் வீட்டிலும் கேட்டிருக்கும். உட்காருங்க. அதுதானே, ஒரே சொல். காலையிலிருந்து அறுபது தடவை வாய்தவறி வந்த சொல். வாயைத் திறந்தாள், அது வரவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்காருப்பா. உட்காரு ராசா. எல்லாம் உள்ளேயே. ஐயர் சொல்லலியேட்டி. அவன் காத்துக்கொண்டு நின்றான், சொல்வாள் என்று. கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது. வெள்ளைப் பட்டை கீழ்நோக்கிச் சரிந்து போயிற்று. பச்சைத் துணி ஆடியது. இரும்பு ஏதோ தரையில் விழுந்து உருண்ட சத்தம் வந்தது, அதற்கப்புறம் எங்கோ ஒரு மிஷின் விடாமல் கத்த ஆரம்பித்தது.

யாரோ அலறினார்கள், எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். திரை முழுக்க முகங்கள் மேலே போய் மறைந்து, கறுப்பும் வெள்ளைப் பட்டையும்தான் மிஞ்சின, யார் யார் என்று ஒருத்தரையும் அடையாளம் சொல்ல முடியாது. அவளும் எழுந்திருந்தாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. காலால் இடறிய நாற்காலி பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கதவைத் திறந்துகொண்டு மரகதம், “என்னாச்சு மேடம்?” என்று ஓடிவந்து திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பச்சைத் துணிக்கு முன்னால் தலைமுதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிய உருவம் ஒன்று குனிந்தது, நிமிர்ந்தது, “அக்கா, ஓடியாங்க! பதினேழாம் பெட்டு விழுந்துட்டாரு!” என்று கத்தியது. சின்னப் பெண் குரல், மதுரைப் பக்கத்துக் குரல். இன்னொரு உறை வந்தது. தூக்கினார்கள், திரைக்கு வெளியே கட்டில் கிறீச்சிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒரு கையுறை திரையை மூடியது, போனை எடுத்தது, கண்ணாடிக்குள்ளிருந்து வேர்த்த கண்கள் உள்ளே பார்த்தன. “யாருங்க இது? இதுல பெரியவங்க யாரு?” கண்கள் பெட்டி பெட்டியாகத் தேடின. “இவரை யாருங்க எந்திரிச்சு நிக்கச் சொன்னது?”

“நான்தான்” என்றாள் ஞானசௌந்தரி. இது மட்டும் வந்தது.

“அஞ்சு நிமிசம், பேர் கூப்பிட்ட உடனே மாட்டிக்கிறேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரேன்னு விட்டேன் மேடம். கீழ கேட்டுல அவங்கம்மா போன்ல பார்த்துட்டு நிக்கிறாங்க, நான் என்னான்னு சொல்றது? நிக்கச் சொன்னீங்கல்ல, உட்காரச் சொல்ல ஒரு வார்த்தை வரலையா உங்களுக்கு? இப்பவும் படுக்க மாட்டேங்கிறாரு. மாஸ்க்கைத் தட்டி விடுறாரு. உட்காரச் சொல்லல, உட்காரச் சொல்லலைன்னே முனங்குறாரு.” போன் திரும்பியது. இரண்டு கைகள் அழுத்திப் பிடித்தும் அவன் தலை தலையணையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. கவுன் கழுத்தில் சுருண்டு கிடந்தது. கண் யாரையும் பார்க்கவில்லை.

“உட்காருங்க” என்றாள். சத்தம் போதவில்லை. “வைகைமணி, உட்காருங்க! படுங்க, படுத்துக்கோங்க. மாஸ்க்கை மாட்டிக்கோங்க. முடிஞ்சுது. பதிவாயிடுச்சு. நீங்க வக்கீல்.” கோர்ட்டுக் குரல் அல்ல அது, ஊரில் கிணற்றடியில் பிள்ளையைக் கத்திக் கூப்பிடுகிற குரல். அவன் தலை விழுந்தது, எழும்பவில்லை. மூடியை வைத்து அழுத்தினார்கள். “மேடம்” என்று கோதண்டபாணி தொண்டையைச் செருமினார், “அவர் பேரைச் சொல்லலையே. அட்டையும் காட்டலை. முகமும் இப்ப...” “எனக்குத் தெரியும் சார். அவர்தான். நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்” என்றாள் அவள். “ஆரம்பத்துலேர்ந்து பார்த்துட்டே இருந்தேன்.” கோதண்டபாணி பதிவேட்டை இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து எழுதினார். மூடிக்குள் மூச்சின் ஆவி லேசாகப் படிந்த மாதிரி இருந்தது. படிந்ததா, இல்லை விளக்கு வெளிச்சமா. குனிந்து உற்றுப் பார்ப்பதற்குள், “உள்ள ஐ.சி.யூ.வுக்கு மாத்துறோம், போனை வைக்கிறேன்” என்று அந்தப் பெண் சொன்னாள். பெட்டி கறுத்து, அதன் நடுவில் அவன் பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிந்ததா. படிந்திருக்கும். பார்த்தேனே, ஓரத்தில், மூக்குக்குக் கீழே. பார்த்தேனா. வாசலில் நிற்கிற அந்த அம்மாவின் போனிலும் இப்போது இந்தக் கறுப்புப் பெட்டிதான் தெரியும், இந்தப் பெயர்தான் தெரியும். மிஷின் சத்தம் இன்னும் காதில் இருந்தது. யாரோ “மேடம்” என்றார்கள், மறுபடியும், தயங்கித் தயங்கி, “மேடம்.” பொற்கொடி. அட்டையைப் பிடித்த கை அப்படியே நெஞ்சுக்கு நேராக இருக்க, அழுதுகொண்டே நின்றாள், அப்படியே இருங்க என்று இவள்தானே சொன்னாள். அவளுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் திரை முழுக்க ஒருத்தரும் உட்காரவில்லை. “உட்காருங்கம்மா” என்றாள் ஞானசௌந்தரி. “எல்லாரும் உட்காருங்க.” முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பெட்டிகளுக்குள் அமர்ந்தன, அத்தனை முகமும் அவளையே பார்த்தன. மரகதம் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அவள் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நாற்காலியின் விளிம்பு காலில் பட்டது. உட்காரச் சொல்லி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.